இழுக்கிறது என்று சொன்ன இடத்தை உடனே வெட்டாதீர்கள்

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர், அங்கே ஒரு குடும்பம், நடுவில் ஒக்கிப் புயல். 420 பக்கத்தில் நாவலை எழுதி முடித்துவிட்டீர்கள். வாசித்துப் பார்த்தவர்களில் மூன்று பேர் "நடுவில இழுக்குது" என்றார்கள். ஒருவர் "புயல் வந்ததும் தெரியல, போனதும் தெரியல" என்றார். அக்காவின் கல்யாணப் பேச்சு 64 பக்கம், தம்பி கடலில் மாட்டிக்கொண்ட புயல் இரவு 11 பக்கம் என்று கணக்கும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த 64ஐ வெட்டி 11ஐ நீட்டினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு காட்சிக்கு எத்தனை பக்கம் தகும் என்பதை எதை வைத்து முடிவுசெய்வது? நான் அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். வெட்டலாமா என்பதற்கு ஒரே வரியில் பதில்: இப்போதைக்கு ஒரு பக்கத்தையும் வெட்டாதீர்கள்.

நான் நாவல் எழுதியவன் இல்லை. நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்து, பிறகு கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்தும் வேலைக்கு வந்து, 22 வருடமாக அதையே செய்கிறேன். என் கைவழி போனவை பெரும்பாலும் குடும்பக் கதைகள், ஊர்க் கதைகள். துப்பறியும் நாவல்களில் எனக்குப் பழக்கம் குறைவு. உங்கள் பிரதியையும் நான் வாசிக்கவில்லை, நீங்கள் எழுதிய கேள்வியை மட்டுமே வாசித்தேன். அந்த அளவுக்குள் வைத்து நான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். நாவலில் இரண்டு காலம் ஓடுகிறது. கதைக்குள் கழியும் காலம் ஒன்று, அதைச் சொல்ல நீங்கள் செலவழிக்கும் பக்கங்கள் இன்னொன்று. வேகம் என்பது இந்த இரண்டுக்கும் உள்ள கணக்கு. பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் ஜெரார்ட் ஜெனெட் 1972இல் இதை நான்காகப் பிரித்துக் காட்டினார். சில காலத்தை எழுதாமலே தாண்டிவிடலாம். சிலவற்றை ஒரு பத்தியில் சுருக்கலாம். சிலவற்றைப் பேச்சும் செயலுமாகக் காட்சியாக நடத்தலாம். சில இடத்தில் கதையை நிறுத்திவைத்துவிட்டு வீட்டையோ கடலையோ விவரிக்கலாம். இந்த நான்கில் உயர்ந்தது தாழ்ந்தது என்று எதுவும் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதுதான் வாசகருக்கு வேகம் என்ற ஒன்று இருப்பதே தெரிகிறது. என்னிடம் வரும் முதல் நாவல்களில் பெரும்பாலும் எல்லாமே காட்சியாக இருக்கும். பஸ் ஏறுவது ஒரு காட்சி, டிக்கெட் எடுப்பது ஒரு காட்சி, இறங்கி நடப்பது இன்னொன்று. சுருக்கிச் சொன்னால் குறை பிடிப்பார்களோ என்ற பயம்தான் காரணம். 'சொல்லாதே, காட்டு' என்ற அறிவுரை நம் ஊரில் செய்திருக்கும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே முதல் வேலையாக ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி. எத்தனை பக்கம், கதைக்குள் எவ்வளவு நேரம், காட்சி முடியும்போது யாருக்கு என்ன மாறியிருக்கிறது, இவ்வளவுதான் எழுத வேண்டும். மூன்றாவதை எழுதும்போது கை நிற்கும் இடங்கள் வரும். "அம்மா கவலைப்படுகிறாள்" என்று எழுதத் தோன்றினால், போன காட்சியிலும் அவள் கவலையாகத்தான் இருந்தாளா என்று பாருங்கள். ஒரே வேலையைச் செய்கிற மூன்று காட்சிகள் உங்கள் 64 பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பா குடித்துவிட்டு வந்து கல்யாணச் செலவைப் பற்றிக் கத்துவது மூன்று முறை வந்தால், நன்றாக எழுதியிருக்கும் ஒன்றைக் காட்சியாக வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் "அந்த மாதம் முழுக்க இதுதான் கதை" என்று ஒரே வரியில் கடந்துவிடலாம். இது வெட்டுவது இல்லை. நடந்தது நடந்ததாகவே இருக்கிறது, வாசகர் அங்கே உட்காரவேண்டிய நேரம்தான் குறைகிறது.

இனி முக்கியமான விஷயம். இழுக்கிறது என்று வாசகர் விரல் வைக்கும் இடம் அநேகமாகச் சரியாக இருக்கும். அவர் சொல்லும் காரணம் அநேகமாகத் தவறாக இருக்கும். "நீளம் அதிகம்" என்பார். எனக்குத் தெரிந்தவரை நீளத்தால் மட்டும் ஒரு காட்சி இழுப்பதில்லை. வாசகர் மனத்தில் காத்திருப்பு எதுவும் மிச்சமில்லாதபோது இழுக்கிறது. அக்காவின் கல்யாணம் நடக்குமா என்ற கேள்வியை எந்தப் பக்கத்தில் எழுப்பினீர்கள், எந்தப் பக்கத்தில் அதற்கு விடை சொல்லிவிட்டீர்கள் என்று பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்துப் பேசி முடித்தது 64இல் பதினைந்தாம் பக்கம் என்றால், மீதி ஐம்பது பக்கமும் நகைக்கடை, சேலைக்கடை, பந்தல்காரர் என்று போகும். எல்லாம் உண்மையாக இருக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் வாசகர் காத்துக்கொண்டிருந்தது முடிந்துபோயிற்று. கோளாறு பதினைந்தாம் பக்கத்தில் இருக்கிறது, அவருக்கு அலுப்புத் தட்டுவது நாற்பதாம் பக்கத்தில்.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு கைப்பிரதி வந்தது, ரப்பர் தோட்டத்துக் கதை. தொடக்கத்தில் 12 பக்கத்துக்கு அப்பாவின் பால்வெட்டு, ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறார், மரம் மரமாகப் பட்டையைச் சீவுகிறார், சிரட்டையைத் துடைத்து வைக்கிறார். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதெல்லாம் வருகிறது. நான் அதை 2 பக்கமாக்கச் சொன்னேன். எழுதியவர் மறுபேச்சில்லாமல் ஆக்கினார். இருநூறாம் பக்கத்தில், கண் மங்கிய அந்த அப்பா கத்தியைச் சற்று ஆழமாக இறக்கிவிடுகிறார், அதற்காக வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். படித்த யாருக்கும் அது உறைக்கவில்லை. ஒரு வெட்டுக்காகவா ஒரு மனிதரை நிறுத்துவார்கள் என்று கேட்டார்கள். கத்தி மயிரிழை கூடுதலாக இறங்கினால் தடி காயப்பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது என்பதைச் சொன்ன பக்கங்களைத்தான் நான் எடுக்கச் சொல்லியிருந்தேன். அதில் 7 பக்கத்தைத் திரும்பச் சேர்த்தோம். கூடவே ஒன்று செய்தோம். முதல் வரியிலேயே மலைப்பக்கம் இடி கேட்கிறது. மழை விழுந்தால் சிரட்டையில் சேர்ந்த பால் தண்ணீரோடு வழிந்துபோகும், அன்றைய உழைப்பு மண்ணில். இப்போது அவர் ஒவ்வொரு மரத்தையும் மழைக்கு முந்திக்கொண்டு வெட்டுகிறார். வர்ணனை கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. இழுக்கிறது என்று பிறகு ஒருவரும் சொல்லவில்லை.

உங்கள் கதையில் இடி எது? அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை, ஆனால் கையருகே ஒன்று இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோவிலில் கல்யாண ஓலையை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பை, மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைக்கமாட்டார்கள், 2017இல் அது டிசம்பர் 3 அன்று தொடங்கியது. அதற்குள் முடிக்காவிட்டால் கிறிஸ்துமஸ் கழியவேண்டும். தங்குகடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன தம்பி கொண்டுவரும் பங்கில்தான் நகைக்கடையின் பாக்கித்தொகை தீரும் என்று ஒரு முடிச்சு மட்டும் போட்டுப் பாருங்கள். நகைக்கடைக் காட்சியில் ஒரு சொல் மாறவேண்டாம். அக்கா வளையலைக் கையில் போட்டுப் பார்க்கும்போது வாசகர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது 64 பக்கமும் தேவைப்படலாம்.

காட்சிக்குள் நுழைவதும் வெளியேறுவதும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது பலரும் சொல்வதுதான். ஒவ்வொரு காட்சியிலும் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். நம் பிரதிகளில் "வாங்க, இருங்க, சாப்பிட்டாச்சா, சாயா குடிக்கியளா" என்று தொடங்காத காட்சி அபூர்வம். ஒரு எச்சரிக்கை மட்டும்: நம் வீடுகளில் உபசாரம் வெறும் உபசாரம் இல்லை. சம்பந்தி வீட்டுக்காரர் வந்து அரை மணி நேரம் ஆகியும் சாயா வரவில்லை என்றால் அதுதான் அந்தக் காட்சி. அதை வெட்டிவிடாதீர்கள்.

வாக்கியத்துக்குள் வேகம் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதில் தமிழுக்கென்று ஒரு வழி இருக்கிறது, அதை நாம் கவனிப்பதே இல்லை. பரபரப்பான இடத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுது என்பார்கள். எழுதிப் பார்ப்போம். "அலை தூக்கியது. படகு சாய்ந்தது. அவன் விழுந்தான். உருண்டான். கயிற்றைப் பிடித்தான். கயிறு வழுக்கியது." ஒவ்வொரு வினைமுற்றும் ஒரு நிறுத்தம். ஆறு இடத்தில் பஸ் நின்று நின்று போகிறது. போதாததற்கு ஆன், ஆன் என்று ஒரே தட்டு. இதையே வினையெச்சத்தில் ஓடவிடுங்கள்: "அலை தூக்க, படகு சாய, நிலைதப்பி விழுந்து, உருண்டு, கையில் சிக்கிய கயிற்றைப் பற்றி, அதுவும் வழுக்கிப் போக, என்ஜின் பெட்டியில் மோதித்தான் நின்றான்." வினைமுற்று வரும்வரை வாசகரால் எங்கும் நிற்க முடியாது. எழுவாய் மாறும் இடத்தில் 'தூக்க', 'சாய' என்றும், ஒரே ஆள் செய்யும் இடத்தில் 'விழுந்து', 'பற்றி' என்றும் வருவதைக் கவனியுங்கள். அதைக் குழப்பினால் வாக்கியம் தடுக்கும். இந்த ஓட்டத்துக்குப் பிறகு "விளக்கு அணைந்தது" என்று இரண்டே சொல் போட்டால் அது இருட்டைப்போல விழும். சின்ன வாக்கியத்துக்கு அங்கேதான் வலிமை. வினையெச்சத்துக்கு நேர்மாறானது பெயரெச்ச அடுக்கு. "போன வருடம் தேங்காய்ப்பட்டணத்தில் வாங்கிய, அம்மா வேண்டாம் என்று சொன்ன, ஒருமுறைகூட உடுத்தாத அந்தச் சேலை" என்று பெயரைத் தள்ளிக்கொண்டே போனால் வேகம் குறையும். வாசகர் தயங்கவேண்டிய இடத்தில் வேண்டுமென்றே வையுங்கள், ஓடவேண்டிய இடத்தில் கண்டால் பிரித்துவிடுங்கள்.

இப்போது புயலுக்கு வருகிறேன். 11 பக்கம் போதாது என்று நீங்களே முடிவுசெய்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பராமாயணத்தில் வில் முறிவது ஒரே பாட்டில் முடிந்துவிடுகிறது. எடுத்ததைத்தான் பார்த்தார்கள், முறிந்ததைக் காதால்தான் கேட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் அறுபதினாயிரம் பேர் வில்லைச் சுமந்து வந்தாயிற்று, வில்லின் கதையையும் சீதையின் கதையையும் சதானந்தர் சொல்லி முடித்தாயிற்று, ஊரார் பேசவேண்டியதையெல்லாம் பேசியாயிற்று. ஆகவே முறியும் நொடி குறைவாகவே படுவதில்லை. உங்கள் 11 பக்கத்துக்குள் தம்பி அலைக்கு நடுவே பள்ளிக்கூட நாளையும் செத்துப்போன தாத்தாவையும் நினைத்துப் பார்க்கிறானா என்று தேடுங்கள். இருந்தால் அந்த நினைவுகளைப் புயலுக்கு முந்திய அத்தியாயங்களுக்குக் கொண்டுபோங்கள். கடலில் இருக்கும்போது தாத்தாவின் பெயரை ஒருமுறை சொன்னால் போதும், மீதி வாசகருக்கே நினைவில் வரும்.

இன்னொன்று, இதுதான் உங்கள் கேள்வியில் என்னை அதிகம் உறுத்தியது. ஒக்கி 2017 நவம்பர் 30 அன்று குமரிக்குத் தெற்கே கடலில் புயலாக வலுத்தது. அதற்கு முன்பே கரையை விட்டு வெகுதூரம் போயிருந்த படகுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கரையில் ரப்பரும் வாழையும் சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மீனவர்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இந்த இரண்டு நாளுக்கும் நடுவே ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தையும் இல்லை. நாவலில் அதற்கு எத்தனை பக்கம்? புயல் வந்ததும் போனதும் தெரியவில்லை என்று சொன்ன வாசகருக்குப் போதாமல் போனது கடலில் கழிந்த இரவு இல்லை என்றே சந்தேகிக்கிறேன். செல்போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வருவது, எங்கேயோ ஜெனரேட்டர் ஓடுகிறது என்று கேட்டு ஆள் ஓடுவது, யாரோ ஒருவர் லட்சத்தீவில் கரையேறியதாக வரும் செய்தியில் பெயர் தெளிவில்லாமல் இருப்பது, அக்காவின் சேலை பெட்டிக்குள் அப்படியே இருப்பது. கரையில் நின்றவர்களுக்குப் புயல் இந்த ஏழு நாளும் ஓயவில்லை. அங்கே மெதுவாகப் போங்கள். நாள்நாளாக, தேவைப்பட்டால் மணிமணியாகப் போங்கள். காத்திருப்பு உச்சத்தில் இருப்பதால் எவ்வளவு மெதுவாகப் போனாலும் இழுக்காது.

நம் பக்கத்துக் கோவில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். ஒரே கதையை இரண்டு மணி நேரத்திலும் முடிப்பார்கள், விடியவிடியவும் நடத்துவார்கள். சிறுவயதில் எங்கள் ஊரில் உட்கார்ந்து கேட்டபோது தெரியாதது, பிரதிகளோடு பழகிய பிறகு தெரிந்தது. நேரம் குறைவாக இருந்தால் பாடகர் பயணங்களைச் சுருக்குவார், கதாபாத்திரங்களின் வாய்ச்சண்டையைச் சுருக்குவார். பிறப்பையும் சாவையும் சுருக்கமாட்டார். சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு நெருங்கும்போது உடுக்கும் குடமும் விரைந்து, சாமியாடியின் உடம்பு அசையத் தொடங்கும். அந்த விரைவு உடம்பில் ஏறுவது, அதற்கு முன் இரண்டு மணி நேரம் அவர் நிதானமாகக் கதை சொல்லியிருப்பதால்தான்.

எனக்கு உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். போன் பார்த்துப் பழகிய வாசகருக்கு அத்தியாயம் சின்னதாக இருக்கவேண்டும் என்கிறார்கள். இருக்கலாம், ஆனால் 700 பக்க நாவலை வாங்கி மூன்றே நாளில் முடித்துவிட்டுப் பேசவரும் இளைஞர்களையும் பார்க்கிறேன், ஆகவே இதை விதியாக்க எனக்குத் துணிவில்லை. ஒவ்வொரு காட்சியிலும் மோதல் வேண்டும் என்பது திரைக்கதை வகுப்புகளிலிருந்து வந்தது. நாவலில் இரண்டு பேர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிகள் வருடக்கணக்கில் மனதில் நின்றிருக்கின்றன. கடற்கரைப் பேச்சுவழக்கு வெளியூர் வாசகரின் வேகத்தைக் குறைக்குமா என்பதில் என் எண்ணம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் குறைக்கச் சொல்வேன். இப்போது முதல் முப்பது பக்கம் தடுக்கும், பிறகு காது பழகிவிடும் என்று நினைக்கிறேன், ஆனாலும் எல்லாருக்கும் பழகும் என்று சொல்லமாட்டேன். இதில் நிச்சயம் ஒன்றுதான்: பாத்திரம் வழக்கில் பேசி முடித்ததும் அதே பொருளைக் கதைசொல்லி எழுத்துத்தமிழில் திரும்பச் சொன்னால் அங்கே நாவல் நின்றுவிடும். அத்தியாயம்தோறும் கடைசி வரியில் கொக்கி போடும் பழக்கமும் அப்படித்தான். அது வாரப் பத்திரிகைத் தொடர்களின் தேவை, ஏழு நாள் கழித்து வாசகர் திரும்பி வரவேண்டும். புத்தகத்தில் அடுத்த பக்கம் கையிலேயே இருக்கிறது, பத்தாவது கொக்கிக்குள் வாசகர் அலுத்துவிடுவார்.

வேலை செய்யும் வரிசை: முதலில் நோட்டு, பிறகு கேள்விகள் எங்கே எழுந்து எங்கே முடிகின்றன என்ற கணக்கு, பிறகு காட்சிகளை இடம் மாற்றுவது, கடைசியாகத்தான் வாக்கியம். வாக்கியத்தை முதலில் செதுக்கிவிட்டால் பிறகு அந்தப் பக்கத்தைத் தூக்க மனம் வராது. முடித்ததும் புதிதாக இரண்டு பேரிடம் கொடுங்கள், "எப்படி இருக்கிறது" என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள், எந்தப் பக்கத்தில் கண் தாவியது என்று பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இருவரும் ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தால், அங்கிருந்து இருபது பக்கம் பின்னால் போய்த் தேடுங்கள். இன்று ராத்திரியே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்த 64 பக்கத்தை எடுத்து, தம்பி போன படகைப் பற்றி வீட்டில் யாராவது முதன்முதலில் வாய்திறப்பது எத்தனையாவது பக்கம் என்று மட்டும் பாருங்கள். அதை இங்கேயே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.